மகள் கடற்படைப் பயிற்சிக்குப் போகிறாள்: பெற்றோர் எதற்குத் தயாராக வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நியூ ஜெர்சியில் வளர்ந்த உங்கள் 19 வயது மகள் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்துவிட்டாள். அடுத்த மாதம் கிரேட் லேக்ஸ் தளத்தில் நடக்கும் பூட் கேம்ப் என்ற ஆரம்பப் பயிற்சிக்குக் கிளம்புகிறாள். உங்கள் இரு வழிக் குடும்பங்களிலும் ராணுவ வாழ்க்கையை அறிந்தவர் ஒருவரும் இல்லை. பயிற்சி நிறைவு அணிவகுப்பு வரை அவளுக்கு எப்படித் துணை நிற்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் மகன் இதே வழியில் போனவன். அதன் பிறகு, பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தவித்த பல பெற்றோரிடம் பேசிவருகிறேன். நான் முதலில் சொல்ல விரும்புவது, உங்கள் கணக்கை அணிவகுப்போடு முடித்துவிடாதீர்கள் என்பதைத்தான். பூட் கேம்பில் உங்கள் மகளுக்குத் தனியாக நிற்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. எழுப்புவதும் உண்ண வைப்பதும் தூங்க அனுப்புவதும் வேறு யாராவது செய்துகொண்டிருப்பார்கள். அது முடிந்த பிறகு வரும் ஆறேழு மாதங்களில்தான் அவள் உண்மையில் தனியாக இருப்பாள். உங்கள் விடுமுறை நாட்களையும் பணத்தையும் மனத்தெம்பையும் அந்த மாதங்களுக்காகப் பாதியாவது சேமித்து வையுங்கள்.

கிரேட் லேக்ஸ் தளம் சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது. 1911இல் திறக்கப்பட்டது. முன்பு சான் டியாகோவிலும் ஆர்லாண்டோவிலும்கூட ஆரம்பப் பயிற்சி நடந்தது. 1990களில் அவை மூடப்பட்டதால், மாலுமியாகச் சேரும் ஒவ்வொருவரும் இப்போது இந்த ஒரே வாசல் வழியாகத்தான் போக வேண்டும். பயிற்சிக் காலத்தைப் பற்றி ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். அதற்குக் காரணம் உண்டு. நெடுங்காலம் ஏறக்குறைய 8 வாரமாக இருந்ததை 2022இல் 10 வாரமாக நீட்டினார்கள். 2025 தொடக்கத்தில் 9 வாரமாகக் குறைத்தார்கள். பழைய மாலுமிகள் சொல்லும் கணக்கை நம்பி நாட்காட்டியில் வட்டம் போடாதீர்கள்.

அவள் போய்ச் சேர்ந்த இரவு ஒரு தொலைபேசி அழைப்பு வரும். அது ஒரு நிமிடம்கூட நீடிக்காது. எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல் “வந்துவிட்டேன், நலமாக இருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். குரல் இறுக்கமாக இருக்கும், பின்னால் யாரோ சத்தம் போடுவது கேட்கும். பல தாய்மார்கள் அன்றிரவு உறங்குவதில்லை. ஏதோ நடந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்; அங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் பேசுகிறார்கள். அடுத்த சில நாட்களில், அவள் உடுத்திப் போன உடுப்புகள் ஒரு பெட்டியில் வீடு வந்து சேரலாம். அதைப் பிரிக்கும்போது வீட்டில் யாராவது உடன் இருங்கள். சிறிய விஷயம்தான், ஆனால் திடமான அப்பாக்கள்கூட அந்தப் பெட்டியின் முன் உடைந்துபோவதைக் கேட்டிருக்கிறேன்.

அதன் பிறகு அவளுடைய கைப்பேசி அவளிடம் இருக்காது. பயிற்சிக் காலம் முழுவதிலும் சில அழைப்புகள்தான் வரும், அவற்றின் நாளையும் நேரத்தையும் அங்குள்ளவர்களே முடிவு செய்வார்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்புகளையும் அந்த வாரங்களில் எடுத்துவிடுங்கள். மற்றபடி உங்களுக்கு இருக்கும் ஒரே பாலம் தபால். தங்கும் கட்டடங்களைக் கப்பல் என்றே அழைக்கிறார்கள். அரிசோனா, ட்ரைட்டன் என்று பழைய போர்க்கப்பல்களின் பெயர்களே அவற்றுக்கு. ஏறக்குறைய 80 பேர் சேர்ந்தது ஒரு டிவிஷன். முகவரி கிடைத்ததும் கப்பலின் பெயரையும் டிவிஷன் எண்ணையும் பிழையில்லாமல் எழுதுங்கள். ஓர் எண் தவறினாலும் கடிதம் நாட்கணக்கில் சுற்றும்.

கடிதம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஒன்பது வாரங்களில் உங்கள் கையில் இருக்கும் ஒரே வேலை அதுதான். முகவரி வரும் வரை காத்திருக்காமல் முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள். தேதி போட்டு அடுக்கி வைத்து, முகவரி வந்ததும் அனுப்பத் தொடங்குங்கள். தபால் வழங்கும் நேரத்தில் பெயர் கூப்பிடப்படாத பிள்ளை எத்தனை தைரியசாலியாக இருந்தாலும் வாடிப்போகும். நீண்ட கடிதம் தேவையில்லை. பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, தம்பி கணக்கில் எவ்வளவு வாங்கினான், நேற்று என்ன சமைத்தீர்கள், மழை பெய்ததா, இப்படி வீட்டின் அன்றாடம் அவள் கண் முன் வர வேண்டும். “நீ இல்லாமல் வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது, அழுதுகொண்டே இருக்கிறேன்” என்று எழுதாதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பாரத்தை இறக்கி வைக்க அவளுக்கு அங்கே இடம் இல்லை. உங்கள் தங்கையிடமோ தோழியிடமோ அழுதுவிட்டுக் கடிதத்தை எழுதுங்கள்.

முறுக்கு, ஊறுகாய், அதிரசம் எதையும் அனுப்ப வேண்டாம். உணவுப் பொருள் அவள் கைக்குப் போகாது. அதைவிட, எல்லோர் முன்னிலையிலும் அவளுக்குத் தலைகுனிவு. வாசனை தடவிய தாள், மின்னும் அட்டை, வேடிக்கை வாசகம் எழுதிய உறை இவையும் வேண்டாம். சாதாரண வெள்ளை உறை போதும். தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் ஒன்றிரண்டு வரிகளாவது தமிழில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலைப் பொழுதுதான் அவர்களுக்குச் சற்று ஓய்வு. வழிபாட்டுக்குப் போகலாம், துணி மடிக்கலாம், கடிதம் எழுதலாம். ஆகவே அவளுடைய பதில்கள் ஞாயிறன்று எழுதப்பட்டு உங்களுக்கு வார நடுவிலோ அதற்குப் பின்போ வரும். நீங்கள் படிக்கும் துயரம் பல நாள் பழையது. அது தீர்ந்துபோயிருக்கும் என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

முதல் சில வாரங்களில் “என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்” என்று ஒரு கடிதம் வந்தாலும் வரலாம். தூக்கக் குறைவு, தடுப்பூசிகள், ஓயாத சளியும் இருமலும், தவறு ஒருவருடையதானாலும் தண்டனை எல்லோருக்கும் என்ற முறை, இவையெல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும் காலம் அது. “நீ எடுத்த முடிவு, அனுபவி” என்றும் எழுதாதீர்கள், “உடனே வந்துவிடு” என்றும் எழுதாதீர்கள். “படித்தேன், கடினமாக இருப்பது புரிகிறது, இந்த ஞாயிறு வரை பார், பிறகு எழுது” என்று எழுதுங்கள். பெரும்பாலோருக்கு அடுத்த ஞாயிறு வரை என்பதே போதுமான எல்லையாக இருக்கிறது.

பயிற்சியில் அவள் தாண்ட வேண்டியவற்றில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலரைத் தடுக்கும் இடம் நீச்சல். உயரத்திலிருந்து ஆழமான குளத்தில் குதித்து, 50 கஜம் நீந்தி, 5 நிமிடம் குப்புற மிதக்க வேண்டும். ஒரு மாதம் கையில் இருக்கிறது என்றீர்கள். இன்றே அருகிலுள்ள நீச்சல் குளத்தில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் இப்போது செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது வேறில்லை. 1.5 மைல் ஓட்டம், தண்டால், முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்க் ஆகியவற்றையும் இப்போதே பழகட்டும். கண்ணீர்ப்புகை அறையில் முகமூடியைக் கழற்றி நிற்க வைப்பார்கள், தீயணைக்கக் கற்பிப்பார்கள், துப்பாக்கி சுடக் கற்பிப்பார்கள். தீயணைப்பை அவர்கள் மிகவும் தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள். நடுக்கடலில் கப்பல் எரிந்தால் அணைக்க வேறு யாரும் வரப்போவதில்லை.

ஒரு தேர்வில் தவறினாலோ உடம்பு சரியில்லாமல் போனாலோ, அவளைப் பின்னால் வரும் டிவிஷனுக்கு மாற்றிவிடுவார்கள். அப்போது அணிவகுப்பு நாளும் தள்ளிப்போகும். இது அடிக்கடி நடப்பதுதான், அவமானம் எதுவும் இல்லை. ஆனால் பழகிய தோழிகளை விட்டு அந்நியர்கள் நடுவில் போய் நிற்கும் அந்த வாரம் அவளுக்கு மிகக் கடுமையானது. அந்த வாரத்தில் கடிதங்களை இரட்டிப்பாக்குங்கள். இதனால்தான் விமான டிக்கெட்டையும் ஹோட்டலையும் மாற்றவோ ரத்து செய்யவோ கூடிய வகையில் பதிவு செய்யச் சொல்கிறேன். விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

சிலர் பயிற்சியை முடிக்காமலே திரும்புவதும் உண்டு. உடல்நலம், மனநலம், முன்பு தெரியாமல் இருந்த ஏதோ ஒரு குறை, இப்படிக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆரம்ப நிலையில் விலக்கப்படுவது கௌரவக் குறைவான விலக்கம் ஆகாது. நம் சமூகத்தில் “போன பெண் ஏன் திரும்பி வந்தாள்” என்ற கேள்வி உடனே எழும். அவள் வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே அந்தக் கேள்விக்கு உறவினர்களிடம் நீங்கள் பதில் சொல்லி முடித்துவிட வேண்டும். அவளைச் சொல்ல வைக்காதீர்கள்.

வீட்டில் அவசரம் என்றால் நேரடியாகத் தளத்தைத் தொடர்புகொள்ள முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை 1-877-272-7337 என்ற எண்ணில் அழையுங்கள். அவர்கள் மருத்துவமனையிலோ சம்பந்தப்பட்ட இடத்திலோ உறுதிசெய்துகொண்டு படைப்பிரிவுக்குச் செய்தி அனுப்புவார்கள். அவளுடைய முழுப்பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண், கப்பல், டிவிஷன் விவரங்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். விடுப்புத் தருவதா இல்லையா என்பது அதிகாரியின் முடிவு. பெற்றோர், உடன்பிறந்தோர் விஷயத்தில் கிடைக்கும் விடுப்பு, ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி விஷயத்தில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. தாத்தாவுக்கு உடல்நிலை சரியில்லை என்றால், கிளம்புவதற்கு முன்பே ஒரு முறை அவரோடு காணொளியில் நிதானமாகப் பேச வையுங்கள். ஏதாவது நேர்ந்தால் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்பதையும் அவளிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கட்டம் பேட்டில் ஸ்டேஷன்ஸ். ஒரு கட்டடத்துக்குள் தண்ணீரில் நிறுத்தப்பட்டிருக்கும், ட்ரேயர் என்று பெயரிட்ட 210 அடி நீள மாதிரிப் போர்க்கப்பலில் இரவெல்லாம் 12 மணி நேரம் நடக்கும் தேர்வு. தீப்பிடித்த அறை, வெள்ளம் புகுந்த கிடங்கு, காயம்பட்டவரைத் தூக்கிச் செல்வது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். 2000இல் யேமனின் ஏடன் துறைமுகத்தில் தாக்கப்பட்ட கோல் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைப் போன்ற கப்பல்களில் உண்மையில் நடந்தவற்றைக் கொண்டு அமைத்திருக்கிறார்கள். விடியும்போது ‘ரெக்ரூட்’ என்று எழுதிய தொப்பியைக் கழற்றிவிட்டு ‘நேவி’ என்று எழுதிய தொப்பியை அணிவார்கள். அதன் பிறகு வரும் அழைப்பில் “அம்மா, நான் மாலுமி ஆகிவிட்டேன்” என்பாள். அந்தக் குரலைக் கேட்கும் வரை விமான டிக்கெட் விஷயத்தில் நிச்சயம் கொள்ளாதீர்கள். கேட்டுவிட்டால் நிம்மதியாகக் கிளம்பலாம்.

அணிவகுப்பை பாஸ் இன் ரிவ்யூ என்கிறார்கள். அதற்கான பெரிய கூடத்தில் நடக்கிறது, இணையத்திலும் நேரலை உண்டு. யார் யார் வரலாம் என்பதை உங்கள் மகள்தான் உள்ளே இருந்து எழுதிக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஆகவே சித்தப்பாவா மாமாவா என்ற பேச்சை அவள் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் முடித்து, பெயர்களை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் அவளிடம் கொடுத்தனுப்புங்கள். நம் பெயர்களில் முன்னெழுத்து, தந்தை பெயர், குடும்பப்பெயர் எல்லாம் இடம் மாறிக் கிடக்கும். வாசலில் சிக்கல் வருவது அங்கேதான். உங்களில் யாராவது அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவராக இருந்தால், கிரீன் கார்டோ பார்வையாளர் விசாவோ எதுவானாலும், ராணுவத் தளத்துக்குள் நுழைவதற்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்பதைப் பல வாரங்களுக்கு முன்பே தளத்தில் கேட்டுவிடுங்கள். சென்னையிலிருந்து பாட்டியை வரவழைத்து வாசலில் நிற்க வைப்பதுபோல் ஒரு வேதனை வேறில்லை.

அணிவகுப்பு முடிந்ததும் சில மணி நேரம் வெளியே போக விடுவார்கள். சீருடையில்தான் இருப்பாள். வண்டி ஓட்டக் கூடாது, மது கூடாது, குறித்த நேரத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும். சிகாகோவைச் சுற்றிக் காட்டலாம், கோவிலுக்குப் போகலாம், இருபது பேரோடு விருந்து வைக்கலாம் என்றெல்லாம் திட்டம் போடாதீர்கள். அவளுக்கு அன்று வேண்டியது அநேகமாகக் கைப்பேசி, நல்ல சாப்பாடு, ஒரு மெத்தை. ஹோட்டல் அறையில் தயிர்சாதமோ சிக்கன் குழம்போ கொண்டுபோய் வையுங்கள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினால் தூங்கட்டும். வேகவேகமாகச் சாப்பிடுவாள், நேராக நிமிர்ந்து உட்காருவாள், எல்லாவற்றுக்கும் ‘யெஸ் மேடம்’ என்பாள். “எங்கள் பெண்ணையே மாற்றிவிட்டார்கள்” என்று பதற வேண்டாம். அதைச் சொல்லிச் சிரித்து அவளைச் சங்கடப்படுத்தவும் வேண்டாம்.

அடுத்த கட்டத்துக்குச் சிலர் மறுநாள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள். அதன் பெயர் ஏ ஸ்கூல், அவளுடைய வேலைக்கான தொழிற்பயிற்சி. எந்த வேலை என்பதைப் பொறுத்து ஊர் மாறும். மருத்துவ உதவியாளர் என்றால் டெக்சாஸில் சான் அன்டோனியோ, விமானப் பராமரிப்பு என்றால் புளோரிடாவில் பென்சகோலா, அணுசக்தி என்றால் தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் அருகே, நீர்மூழ்கி என்றால் கனெக்டிகட்டில் க்ரோட்டன். சில வேலைகளுக்குக் கிரேட் லேக்ஸிலேயே சாலைக்கு அந்தப்புறம். சில படிப்புகள் சில வாரங்களில் முடியும், அணுசக்திப் பிரிவின் மொத்தப் பயிற்சி ஓராண்டுக்கும் மேல் நீளும்.

இங்கேதான் பெற்றோர்கள் அசந்துவிடுகிறார்கள். கைப்பேசி திரும்பக் கிடைத்துவிட்டது, அடிக்கடி பேசுகிறாள், இனிக் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். ஆனால் வகுப்பு தொடங்கும் வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கலாம். அந்த நாட்களில் தரை துடைப்பதும் காவல் நிற்பதும்தான் வேலை. பூட் கேம்பில் எண்பது பேர் ஒரே மூச்சாக இருந்தார்கள், இப்போது யாரையும் தெரியாது. வெளியே போவதற்கும் சாதாரண உடை அணிவதற்கும் படிப்படியாகத்தான் அனுமதி கிடைக்கும். பாடத்தில் தவறினால் அந்த வேலையே கையை விட்டுப் போய், கடற்படை தரும் வேறு வேலைக்கு மாற வேண்டிவரும். பெருமை எல்லாம் அணிவகுப்போடு வடிந்திருக்கும். ஊரில் தோழிகள் கல்லூரிப் படங்களை அனுப்பிக்கொண்டிருப்பார்கள். மனம் சோர்வது இந்த இடத்தில்தான்.

நீங்கள் சேமித்து வைத்த விடுமுறையை எடுத்துக்கொண்டு போக வேண்டிய நேரம் இது. ஏ ஸ்கூல் தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில், அவளுக்கு வெளியே தங்க அனுமதி கிடைக்கும் ஒரு வார இறுதியில், அவள் இருக்கும் ஊருக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வாருங்கள். பொட்டலம் அனுப்பவும் இப்போது தடையில்லை; முறுக்கை இப்போது அனுப்புங்கள், அறைத் தோழிகளுக்கும் சேர்த்து. பேசும்போது “என்ன சாப்பிட்டாய்” என்பதோடு நிறுத்தாமல், யாரோடு சாப்பிட்டாய், ஞாயிறன்று யாரோடு வெளியே போனாய் என்று கேளுங்கள். தொடர்ந்து ‘தனியாகத்தான்’ என்று வந்தால் கவனியுங்கள்.

மனநல உதவியைப் பற்றி அவளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். பிராண்டன் கசெர்ட்டா என்ற இளம் மாலுமி 2018இல் நார்ஃபோக்கில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய பெற்றோர் விடாமல் போராடியதால் 2021 டிசம்பரில் அவர் பெயரால் ஒரு சட்டம் வந்தது. படைவீரர் யாரும் தன் மேலதிகாரியிடம் காரணம் சொல்லாமலே மனநலப் பரிசோதனை கேட்கலாம். அவர்கள் அனுப்பியே ஆக வேண்டும். இது உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடற்படைச் சமய குருவிடம் அந்தரங்கமாகச் சொல்வது எதுவும், அவள் சம்மதம் இல்லாமல் வெளியே போகாது. அவள் எந்தச் சமயமானாலும், சமயமே இல்லாவிட்டாலும் அவரிடம் போகலாம். 988 என்ற எண்ணை அழைத்து 1 அழுத்தினால் ராணுவத்தினருக்கான உதவி கிடைக்கும். இவற்றையெல்லாம் அவள் நன்றாக இருக்கும்போதே சொல்லி வையுங்கள்.

பணத்தைப் பற்றி இரண்டே விஷயங்கள். தங்கவும் உண்ணவும் செலவில்லாத பத்தொன்பது வயதுக் கையில் மாதச் சம்பளம் வரத் தொடங்கும். தளங்களைச் சுற்றிப் புதிய மாலுமிகளைக் குறிவைத்தே கார் வியாபாரிகள் இருப்பார்கள், வட்டி கண்ணைக் கட்டும். கார் வாங்குவதானால் முதலில் உங்களிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடு என்று வாக்கு வாங்குங்கள். இரண்டாவது, டிஎஸ்பி (TSP) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் சம்பளத்தில் குறைந்தது 5 சதவீதத்தைப் போடச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுக்குப் பிறகு அரசும் அதற்கு ஈடாகப் போடத் தொடங்கும். மற்றபடி அவள் சம்பளம் அவளுடையது. வீட்டுக் கடனுக்கு அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

விடுப்பு மாதத்துக்கு இரண்டரை நாள் சேரும், ஆண்டுக்கு 30 நாள். பலரும் முதல் நீண்ட விடுப்பைத் தொழிற்பயிற்சி முடிந்து கப்பலுக்கோ தளத்துக்கோ போகும் இடைவேளையில் எடுக்கிறார்கள். கிறிஸ்துமஸ் சமயத்திலும் பள்ளிகள் விடுப்புத் தருவதுண்டு, தீபாவளிக்கு எதிர்பார்க்காதீர்கள். அவளை ஊருக்கு அழைத்துப்போய்த் தாத்தா பாட்டியிடம் காட்ட வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு அப்போது வரும். வெளிநாட்டுப் பயணத்துக்கு அவள் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், பாதுகாப்பு தொடர்பான வேலையில் இருந்தால் இன்னும் கூடுதல் விதிகள் உண்டு. அனுமதி எழுத்தில் கைக்கு வந்த பிறகு சென்னை டிக்கெட்டை வாங்குங்கள்.